பேனா எடுத்த வரி

— இன்னொருக்காச் சொல்லு பாப்பம், தாட்சாயினி. என்ர மகன் நிருஷனுக்கு இந்தப் புத்தகத்தில மறைவுத் திகதி எப்பிடி வந்தது?

— நேற்றுப் போனிலயே சொன்னனான் அம்மா. பிழை என்ரதான். உண்மையா என்ர பிழைதான்.

— பிழை ஆற்றை எண்டு நான் கேக்கேல்லை. எப்பிடி வந்ததெண்டு கேட்டனான்.

— என்னெண்டால் அம்மா, கடையில நான் இப்ப கையால டைப் அடிக்கிறது குறைவு. என்னட்டை ஒரு ஸ்கான் பேனா இருக்கு. அச்சடிச்ச வரிக்கு மேலால அதை இழுத்துக்கொண்டு போனால் அந்த வரி அப்பிடியே கொம்பியூட்டருக்குள்ள வந்திடும். வேற ஒரு வீட்டுக் கல்வெட்டுப் புத்தகத்தில இருந்து வம்சாவழிப் பக்கத்தை மாதிரிக்கு எடுத்து, பேருகளை மட்டும் மாத்தினனான். அந்த வீட்டுத் திகதி ஒண்டு மாத்துப்படாமல் நிருஷன்ர பேருக்குக் கீழ நிண்டிட்டுது.

— நிண்டிட்டுது.

— ஓம் அம்மா.

— பஸ்ஸில சீற் கிடைக்காமல் நிண்டவன் மாதிரிச் சொல்லுறாய்.

— அக்கா, அந்தப் புள்ள மொகத்தப் பாருங்க. வந்ததுல இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. திட்டுறதத் திட்டிட்டு ஒரு வாய் டீயக் குடிக்கச் சொல்லுங்க.

— நீ பூசணிக்காயை வெட்டு பேச்சி. நாளைக்கு முந்நூறு பேருக்குச் சோறு.

— வெட்டிக்கிட்டுத்தானுங்க இருக்கேன். வாய் வேற, கை வேறங்களே.

— இந்தாங்கோ அம்மா, முந்நூற்று இருபது ஸ்டிக்கர் வெட்டிக் கொண்டந்திருக்கிறன். புத்தகத்துப் பேப்பரின்ர நிறம்தான். அந்த ஒரு வரிக்கு மேல ஒட்டிவிட்டால் தெரியாது. திரும்ப அச்சடிக்க வவுனியாவுக்கு அனுப்பினால் நாளைக்கு ஐயான்ர முப்பத்தோராம் நாள் செலவுச் சடங்குக்கு வந்து சேராது. அதுதான்.

— தெரியாதோ? வெளிச்சத்துக்குப் பிடிச்சால்?

— வெளிச்சத்துக்குப் பிடிச்சால்... கொஞ்சம் தெரியும் அம்மா.

— ராஜினி வெளிச்சத்துக்குப் பிடிச்சுத்தான் பாப்பா.

— ஆரம்மா ராஜினி?

— கிளிநொச்சியில, காணாமல் போன பிள்ளையளைக் கேட்டுப் போராட்டம் இருக்கிற றோட்டோரக் கொட்டிலில என்னோட இருக்கிறவா. அவா தன்ர மகளைத் தேடுறா, நான் இவனைத் தேடுறன். எட்டு வருசமா ஒரே பாயில, மடியில படத்தை வைச்சுக்கொண்டு இருக்கிறம். வெயிலுக்கும் இருந்தனாங்கள், மழைக்கும் இருந்தனாங்கள். நாளைக்குக் கொட்டில் ஆக்கள் பதினாலு பேர் வருவினம். அவையின்ர கையில இந்தப் புத்தகத்தைக் குடுத்து, என்ர பிள்ளை செத்திட்டான், நான் எழும்புறன், நீங்கள் இருங்கோ எண்டு சொல்லச் சொல்லுறியோ?

— ஐயோ, இல்லை அம்மா. அதுக்குத்தானே ஓடி வந்தனான். இருந்து ஒட்டுவம். முந்நூறையும் ஒட்டிப்போட்டுத்தான் நான் கடைக்குப் போவன்.

— சரி, புத்தகக் கட்டை இஞ்சால இழு. பேச்சி, நீயும் கையைக் கழுவிப்போட்டு வா.

— எனக்கு எழுத்துத் தெரியாதுங்களே அக்கா.

— எழுத்துத் தேவையில்லை. இந்தா, இந்தப் பக்கம். மேல ஒரு பெட்டி, அது என்ர புருசன்ர, உங்கட ஐயான்ர. கீழ இரண்டு பெட்டி. இடப்பக்கத்துப் பெட்டியில கடைசி வரிக்கு மேல ஒட்டு. விளங்குதோ?

— ஆமாங்க. சோத்துக் கைப் பக்கமா, பீச்சாங் கைப் பக்கமா?

— பீச்சாங் கைப் பக்கம்.

— எங்க ஆளுங்களுக்குள்ள இந்தப் புத்தகம் அடிக்கிற பழக்கமெல்லாம் இல்லீங்க தங்கச்சி. எங்க மாமனாரு செத்தப்ப முப்பதாம் நாளு சோறாக்கிப் போட்டு, கொடிமரத்தடியில ஒரு கும்பிடு போட்டோம். அம்புட்டுத்தான். இங்கதான் செத்தவுக கதையப் புத்தகமாப் போட்டு, சாப்பிட வந்தவுக கையில குடுத்து அனுப்புறாங்க. இதுல என்னாதாங்க இருக்கும்?

— முதல் பக்கத்தில தேவாரம் அக்கா. பிறகு ஐயான்ர வாழ்க்கை வரலாறு. எங்க பிறந்தவர், எப்ப இந்தக் குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர், கமக்காரர் அமைப்பில எத்தினை வருசம் செயலாளரா இருந்தவர், எல்லாம். கடைசியில வம்சாவழி. ஆற்றை பிள்ளை ஆர், ஆர் இருக்கினம், ஆர் இல்லை எண்டு.

— அந்தக் கடசிப் பக்கத்துலதான் புள்ள மாட்டிக்கிட்டீங்களாக்கும்.

— ஓம் அக்கா. அதிலதான் மாட்டுப்பட்டன்.

— பேச்சி, இது என்ன?

— ஒட்டிருக்கேனுங்க.

— இது வலப்பக்கத்துப் பெட்டி. என்ர மகள் லக்சிகான்ர. அவள் கனடாவில இருக்கிறாள். நீ அவளின்ர புருசனின்ர பேரை மூடிப்போட்டாய்.

— ஆத்தாடி. மருமகன் சண்டைக்கு வந்துருவாருங்களே. விடுங்க அக்கா, நாளைக்கு இந்தப் புத்தகத்தப் பாத்துட்டு யாராச்சும் லக்சிகாவப் பொண்ணு கேட்டு வந்தா நான் பேசி அனுப்பிடுறேன்.

— சிரியாதேங்கோ இரண்டு பேரும். செத்தவீடு.

— நீங்களுந்தானுங்க சிரிச்சீங்க.

— எனக்குச் சிரிப்பு வந்தது முப்பது நாளைக்குப் பிறகு. அதையும் கணக்குப் பாக்கிறாய். ஒட்டு, ஒட்டு. பிள்ளை, நீ ஏன் நிப்பாட்டிப்போட்டாய்?

— இல்லை அம்மா, நீங்கள் தந்த பேப்பருகள் ஞாபகம் வந்தது. உறையோட திருப்பிக் கொண்டந்திருக்கிறன். இந்தாங்கோ.

— எல்லாம் கிடக்கோ?

— ஓம் அம்மா, எல்லாம் கிடக்கு. ஐயான்ர தாயின்ர பழைய கல்வெட்டு, லக்சிகான்ர கலியாண அழைப்பிதழ், கமக்காரர் அமைப்பு ஐயாவுக்கு அடிச்சுக் குடுத்த வாழ்த்து மடல், அடையாள அட்டைக் கொப்பி.

— எத்தினை?

— நாலு அம்மா.

— நாலு.

— ஓம்... நாலு. எண்ணிப் பாருங்கோவன்.

— அங்கால வை. பேந்து பாக்கிறன்.

— இந்தக் காக்கிக் கவருக்கு நான் அலஞ்ச அலைச்சல் இருக்கே. பத்தாம் நாளு அக்கா போகச் சொன்னாங்க. மாங்குளம் சந்தியில மூணு கட ஏறி எறங்கினேன். வெள்ளக் கவருதான் இருக்குன்னான். அக்கா வெள்ள வேணாம், உள்ள இருக்கறது வெளிய தெரியும்னு சொல்லி விட்டுருந்தாங்க.

— பேச்சி, கதை கூடினால் கை கோணுது. பார், இதுவும் சரிஞ்சு போச்சு.

— நானும் உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும் எண்டு இருந்தனான் அம்மா. மற்ற ஆக்கள் எண்டால் வம்சாவழியைக் கொப்பித் தாளில கையால எழுதித்தான் தருவினம். நீங்கள் எழுதியே தரேல்லை. எல்லாம் அச்சடிச்ச பேப்பருகள்.

— எழுத இருந்தனான். கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு மூண்டு நாள் இருந்தனான். இவற்ர பேரை எழுதினன், என்ர பேரை எழுதினன். அங்கால கை ஓடேல்லை. உன்ர குச்சி அச்சடிச்சதை எல்லாம் எடுக்குமெண்டு சங்கக்கடையில ஆரோ சொல்லிச்சினம். அப்ப, அச்சடிச்சதாத் தருவம், அதே எடுக்கட்டும் எண்டு விட்டிட்டன்.

— அது சரிதான் அம்மா. கையெழுத்தை அது எடுக்காது. அச்சு மட்டும்தான்.

— அதுக்கு விளங்குமோ?

— என்ன அம்மா?

— தான் எடுக்கிறது என்ன எண்டு. ஆர் இருக்கினம், ஆர் போயிட்டினம் எண்டு அதுக்குத் தெரியுமோ?

— இல்லை அம்மா. தாளில இருக்கிறதை எடுக்கும், அவ்வளவுதான்.

— நல்ல சாமான். மனம் இல்லாதது.

— எங்கங்க அந்தக் குச்சி? கொண்டாந்திருக்கீங்களா தங்கச்சி? நானும் பாத்ததில்ல.

— பையில கிடக்கு அக்கா. தம்பி கிருசாந்தன் பிரான்ஸில இருந்து அனுப்பினவன். இந்தா, அந்த மஞ்சள்தூள் பக்கற்றைத் தாங்கோ. இப்பிடி வரி தொடங்கிற இடத்தில வைச்சு, நேராக, கொஞ்சம் மெள்ளமா... போன் வாசிக்கும், கேளுங்கோ.

— தூய மஞ்சள் தூள். நிறை நூறு கிராம்.

— அடியாத்தி. போனுக்குள்ள பொம்பள வாசிக்குதே. எம்புருசன் மூக்கன் இருவது வருசமா எனக்கு ஒரு மருந்துச் சீட்டு வாசிச்சதில்ல. இது சொன்னவொடன வாசிக்குது. எங்க, இன்னொரு தடவ.

— முந்தி இழுத்த வரியள் எல்லாம் உள்ள கிடக்குமோ பிள்ளை?

— ஓம் அம்மா, இரண்டு மாதத்துக்குப் போனில அப்பிடியே... இல்லை, சிலது அழிஞ்சிடும்.

— கிடக்குமோ, அழியுமோ?

— சிலது கிடக்கும் அம்மா.

— அந்த வேற வீட்டுக் கல்வெட்டு எண்டு சொன்னனீ. அது எந்த ஊர்?

— பூவரசங்குளம்.

— ஆற்றை வீடு?

— எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. ஒரு கடைக்காரக் குடும்பம்.

— புத்தகம் எங்க?

— திருப்பிக் குடுத்திட்டன் அம்மா.

— அந்த வீட்டிலயும் ஒரு பிள்ளை ரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு பங்குனி இருபத்தேழிலதான் செத்ததோ?

— ஓம்... அந்த நேரம் கன பேர் அம்மா.

— கன பேர்தான். ஆனா பங்குனி இருபத்தேழில நாங்கள் எங்க இருந்தனாங்கள் எண்டு உனக்குத் தெரியுமோ?

— தெரியாது அம்மா.

— மாத்தளனில. கடைசிச் சண்டைக்குள்ள, கடற்கரை மணலில. ஒரு தறப்பாளுக்குக் கீழ ஏழு பேர். அண்டைக்கு விடியத் தண்ணி எடுக்கவெண்டு மஞ்சள் கானையும் தூக்கிக்கொண்டு போனவன் நிருஷன். அவன் வெளிக்கிட்ட நாள் எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியும். லக்சிகா சின்னப்பிள்ளை, அவளுக்கு நாள் கிழமை தெரியாது. இந்த ஊரில வேற ஆருக்கும் நான் திகதி சொல்லேல்லை. கொட்டிலில குடுத்த மனுவில கூட மாதம் மட்டும்தான் போட்டனான். பூவரசங்குளத்துக் கடைக்காரர் அந்த நாளைச் சரியாக் கண்டுபிடிச்சு, அதைக் கொண்டுவந்து என்ர பிள்ளையின்ர பெட்டிக்குள்ள வைச்சிட்டினமோ?

— அம்மா...

— போனை எடு. எங்கட புத்தகத்துக்கு வரி எடுத்த அண்டைக்கு உன்ர குச்சி என்னென்ன எடுத்ததெண்டு வாசிக்க விடு. பூவரசங்குளத்தாரையும் கேப்பம்.

— சார்ஜ் இல்லை அம்மா. நிண்டிடும்.

— இப்பத்தானுங்களே மஞ்சத்தூளு வாசிச்சுச்சு. இந்தா பச்சையா எரியுது பாருங்க.

— பேச்சியக்கா, தயவுசெய்து...

— நான் என்னாங்க பண்ணேன்?

— வாசிக்க விடு, பிள்ளை. நான் கோவிக்கேல்லை. கேக்கிறன், அவ்வளவுதான்.

— அம்மா, வேண்டாம். நான் பொய் சொன்னனான். பூவரசங்குளத்துப் புத்தகம் எண்டு ஒண்டும் இல்லை. அதோட விடுங்கோ. என்னை என்ன வேணுமெண்டாலும் பேசுங்கோ. ஆனா இதைக் கேக்காதேங்கோ.

— பேச்சி, அந்தப் போனை இஞ்ச தா. எதை அமத்திறது?

— நான் அமத்திறன் அம்மா. உங்களுக்கு நான் செய்யிற பாவம் இது. கேளுங்கோ.

— பெயர், தவராசா நிருஷன். பிறந்த திகதி, ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூறு, ஆவணி பதினான்கு. இறந்த திகதி, இரண்டாயிரத்து ஒன்பது, பங்குனி இருபத்தேழு. இறந்த இடம், மாத்தளன். தகவல் கொடுத்தவர், கந்தையா தவராசா. உறவுமுறை, தந்தை.

— ஐயா பேரச் சொல்லுதுங்களே அக்கா. நம்ம ஐயா பேரு.

— ஓம் பேச்சி. உன்ர ஐயான்ர பேர்தான்.

— இது மரணச் சான்றிதழ் அம்மா. டைப் அடிச்சது. நாலாய் மடிச்சு, பழைய கல்வெட்டுக்கு நடுவில கிடந்தது. திகதி மட்டும் எடுக்கத்தான் பேனையை வைச்சனான். கை ஓடின ஓட்டத்தில கீழ இருந்த வரியையும் இழுத்துப்போட்டன். போன் வாசிச்சது. ஐயான்ர பேர் வந்தது. அப்பிடியே இருந்திட்டன். ஐயா பதிஞ்சிருக்கிறார். பன்னிரண்டு வருசத்துக்கு முந்தியே பதிஞ்சிருக்கிறார்.

— அப்ப நீ என்ன நினைச்சனீ?

— அம்மாவும் கடைசியில ஏற்றுக்கொண்டிட்டா எண்டு நினைச்சன். அதால தந்திருக்கிறா எண்டு. போன் எடுத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நம்பரைக்கூட எடுத்தனான். உங்கட மகன் செத்தது உண்மையோ எண்டு எப்பிடி ஒரு தாயிட்டைக் கேக்கிறது? வாய் வரேல்லை. அச்சுக்கு அனுப்பிப்போட்டன். நேற்று நீங்கள் போனில கத்தினாப் பிறகுதான் விளங்கினது, உங்களுக்கு இது ஒண்டும் தெரியாதெண்டு. ஐயா ஒளிச்சு வைச்ச கடுதாசி தவறுதலா என்னட்டை வந்திட்டுதெண்டு.

— அதுக்குத்தான் பூவரசங்குளம்.

— ஓம் அம்மா. செத்த மனுசன் உங்களுக்குத் தெரியக்கூடாதெண்டு வைச்சிருந்ததை நான் போய் அச்சடிச்சு முந்நூறு பேருக்குச் சொல்லப் பாத்தன். அந்தப் பழியை என்னில போட்டால் ஐயான்ர பேராவது மிஞ்சும் எண்டு நினைச்சன். அந்தச் சான்றிதழ் என்ர கைப்பையில கிடக்கு. எரிப்பம் எண்டும் நினைச்சனான். எரிக்க மனம் வரேல்லை. இந்தாங்கோ.

— மடியில வை.

— ஐயாவைக் கோவிக்காதேங்கோ அம்மா.

— நான் அவரைக் கோவிச்ச கோவம் முழுக்க அவர் இருக்கேக்கையே முடிஞ்சிட்டுது, பிள்ளை. ஒரு ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்கு வெளிக்கிட்டவர், தகப்பனுக்கு எள்ளுத்தண்ணி விட. குசினி வாசலில நிண்டு, விமலா, அவனுக்கும் ஒரு கை விடட்டோ எண்டு கேட்டார். சோத்துக் கோப்பையைத் தூக்கி எறிஞ்சனான். அவற்ர நெத்தியில பட்டது. படத்தில பார், இடப்பக்கப் புருவத்துக்கு மேல. அந்தத் தழும்புதான்.

— அது கெணத்துக் கட்டயில விழுந்ததுன்னுல்ல ஐயா சொன்னாரு.

— ஊருக்கு அப்பிடித்தான் சொன்னவர். அதுக்குப் பிறகு அவர் ஒருநாளும் கேக்கேல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் நான் அவனுக்கு உடுப்பு எடுப்பன், இவர் காசு தருவார். அளவு என்ன எண்டு கடைக்காரன் கேட்டால், இவர்தான் சொல்லுவார். பதினெட்டு வயதில போனவனுக்கு, முப்பது வயது அளவைச் சொல்லுவார். அலுமாரியில அடுக்கிக் கிடக்கு. நான் பிள்ளைக்கு வாங்கினன். அவர் எனக்காக வாங்கினார். அது எனக்கு இப்ப குத்துது.

— அழாதீங்க அக்கா.

— நான் அழேல்லை. பூசணிக்காய்க்கு மூடி போடு, ஈ மொய்க்குது.

— அம்மா, ஐயாவுக்கு அந்த நாள் எப்பிடித் தெரிஞ்சது? பதியிறதெண்டால் நாளும் இடமும் சொல்லவேணும். காணாமல் போனதெண்டால்...

— அண்டைக்கு அவன் திரும்பி வரேல்லை எண்டு இவர் தேடிப் போனவர். காலமை போனவர், பொழுதுபடத்தான் வந்தவர். மஞ்சள் கான் மட்டும் கையில. கண்டியளோ எண்டு கேட்டன். காணேல்லை, சனத்துக்குள்ள எங்கேயும் போயிருப்பான், வருவான் எண்டார். நான் கானை வாங்கேக்க கையைப் பாத்தனான். பத்து விரல் நகத்துக்குள்ளயும் மண். மணல் இல்லை, கீழ தோண்டினால் வாற ஈர மண். முழங்கை வரைக்கும் கிடந்தது.

— அக்கா...

— கழுவிப்போட்டு வாங்கோ, கஞ்சி ஆறுது எண்டு சொன்னனான். கழுவிப்போட்டு வந்து கஞ்சி குடிச்சார். லக்சிகாவுக்கும் பருக்கினார்.

— அப்ப உங்களுக்கு அண்டைக்கே தெரியுமோ அம்மா?

— தெரியுமெண்டு நான் சொல்லேல்லை. கேக்கேல்லை எண்டு சொல்லுறன். பதினாறு வருசமா நான் அந்த மண்ணைப் பற்றி ஒரு சொல்லுக் கேக்கேல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். சொல்லிப்போட்டு ஒருநாள் எண்டாலும் வாய்விட்டு அழுதிருப்பார். அவரை அழவிடாமல் சாகவிட்டவள் நான்.

— உப்பிடிக் கதையாதேங்கோ. பெத்தவாவால எப்பிடிக் கேக்க ஏலும்?

— பெத்தவருக்குத் தன்ர கையால தோண்ட ஏலுமெண்டால், எனக்குக் கேக்க ஏலாதோ?

— நான் இதுக்குள்ள கை வைச்சிருக்கக் கூடாது. நீங்கள் தெரியாமல் பழைய கல்வெட்டைத் தூக்கி உறைக்குள்ள போட்டிருக்கிறியள், அதுக்குள்ள ஐயா ஒளிச்சிருந்தது உங்களுக்குத் தெரியாது. நான் கண்டவுடன திருப்பிக் கொண்டந்து தந்திருக்கவேணும். ஒரு பேனையால ஒரு குடும்பத்தையே கிளறிப்போட்டன். என்னை மன்னியுங்கோ.

— அழுறதைப் பேந்து அழு. ஒட்டினது எத்தினை?

— நூற்றித் தொண்ணூறு இருக்கும். மிச்சம் நூற்றிப் பத்து. விளக்கு வைக்கிறதுக்குள்ள முடிச்சிடலாம் அம்மா. கொட்டில் ஆக்களுக்கு ஒட்டினதைப் பாத்துக் குடுப்பம். ராஜினியம்மாவுக்கு நானே என்ர கையால குடுக்கிறன், வெளிச்சத்துக்குப் பிடிக்க விடமாட்டன். ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியவராது.

— வேண்டாம். ராஜினிக்கு நான்தான் குடுக்கவேணும். குடுக்கேக்க அவவின்ர முகத்தை நான் பாக்கவேணும். ஸ்டிக்கரை எடுத்துப் பையில போடு.

— ஏன் அம்மா, இன்னும் நூற்றிப் பத்துக் கிடக்கே.

— கிடக்கட்டும்.

— அக்கா, என்னா சொல்றீங்க? நேத்துல இருந்து அந்தப் புள்ளயப் போட்டு அந்தப் பாடு படுத்திட்டு, இப்ப ஒட்ட வேணாங்கறீங்க?

— நேற்றுப் புத்தகத்தை விரிச்சு அந்த வரியைக் கண்டவுடன பயந்திட்டன் பேச்சி. அச்சில பாக்கேக்க அது வேற மாதிரிக் கிடந்தது. பயத்தில பழியைத் தூக்கி இவளில போட்டிட்டன். தாட்சாயினி, என்னை நிமிந்து பார்.

— ஓம் அம்மா.

— உன்ர குச்சியும் பிழை விடேல்லை, நீயும் பிழை விடேல்லை. அந்தக் காக்கி உறைக்குள்ள நான் என்ர கையால எண்ணி வைச்சது அஞ்சு கடுதாசி.